புழு தலை தூக்கும் நாள்

பட்டுப்புழுவைப் போல ஒரு தின்னிப்பண்டாரத்தை நான் பார்த்ததில்லை. இரவு பகல் பார்க்காது. இலை போடப் போடத் தின்னும். தட்டுக்குப் பக்கத்தில் நின்றால் அது மெல்லுகிற சத்தம் காதில் கேட்கும். அப்படித் தின்றுகொண்டிருந்த புழு ஒரு நாள் வாயை மூடிக்கொள்ளும். இளசான முசுக்கொட்டை இலையாகப் பறித்து வந்து நேரே நீட்டினாலும் சீந்தாது. மெல்லத் தலையைத் தூக்கும். எதையோ தேடுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டும். பிறகு அதன் வாயிலிருந்து இழை வரத் தொடங்கிவிடும். நேற்றுவரை இலை, இன்று பட்டு. அதற்கு யாரும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை.

நான் சின்னக் காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு நாலு வீடு தள்ளிப் பிறந்தவள். ஊர் முழுக்கப் பட்டு. ஆனாலும் எம்.எஸ்ஸி. படிக்கப் போகும்வரை ஒரு பட்டுப்புழுவைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஊருக்கு நூல்தான் கர்நாடகத்திலிருந்து கட்டுக் கட்டாக வரும், புழு வராது. முதல்முறையாக ஒரு புழு தலையைத் தூக்கியதைப் பார்த்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெருமாள் முன்னால் நின்றபோதுகூட அப்படி ஆனதில்லை. இதை அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தத் தலையைத் தூக்கச் சொல்வது எது? ஆறு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான்.

எனக்கு ஒரு ஊகம் இருந்தது. நம் உடம்பிலும் புழுவின் உடம்பிலும் வேலை செய்பவை புரதங்கள். ஒவ்வொரு புரதமும் ஒரு நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலியில் குறிப்பிட்ட ஓரிடத்தில் பாஸ்பேட் என்ற பொடிசு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டால், அதுவரை சும்மா கிடந்த புரதம் எழுந்து வேலையைத் தொடங்கும். அது கழன்றால் மறுபடி படுத்துவிடும். இதைப் படிக்கிற உங்கள் கண்ணுக்குள் இந்த நிமிடம்கூட அது ஒட்டுவதும் கழல்வதுமாக இருக்கிறது. புழுவின் பட்டுச் சுரப்பியில் ஒரு புரதம் இருக்கிறது. புழு தின்னும் நாளில் அது மொட்டையாக இருக்கும், தலை தூக்கும் நாளில் அதன்மேல் பாஸ்பேட் முத்திரை விழுந்திருக்கும் என்பது என் ஊகம். சென்னையில் ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "ஊகத்துக்கெல்லாம் டாக்டர் பட்டம் குடுக்கறதில்லம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்கின்மேல்தான் இருக்கும். அன்று மதியம் அங்கே சாப்பிடாமலே பேருந்து ஏறி ஊர் வந்து சேர்ந்தேன்.

முத்திரையைக் காட்டுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எடை பார்க்க ஒரு கருவி உண்டு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். பாஸ்பேட் ஒட்டிய துண்டு, ஒட்டாத துண்டைவிட எண்பது அலகு கனமாக இருக்கும். எண்பது கூடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் முத்திரை விழுந்த துண்டுகள் மிகச் சொற்பம், மொட்டைத் துண்டுகளோ ஆயிரக்கணக்கில். பெருமாள் கருடன்மேல் வருகிற கருட சேவைக் கூட்டத்துக்குள் விட்டு, தீட்சை வாங்கித் தோளில் சங்கு சக்கர முத்திரை ஒற்றிக்கொண்டவர்களை மட்டும் சட்டையைக் கழற்றாமல் கண்டுபிடி என்றால் எப்படி இருக்கும், அப்படி.

அதற்கு ஒரு வழி வெளிநாட்டில் கண்டுபிடித்திருந்தார்கள். சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டில் கலக்கிறார்களே, டைட்டானியம் ஆக்சைடு, அதேதான். அதை நுண்ணிய மணிகளாக்கி ஒரு மெல்லிய குழாய் முனையில் அடைத்துவிட வேண்டும். துண்டுகளை அமிலத்தில் கலந்து அதன் வழியே விட்டால், முத்திரை உள்ளவை மட்டும் மணிகளைப் பற்றிக்கொள்ளும். மற்றவை ஓடிவிடும். மறுபடி அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். கடைசியில் கொஞ்சம் அம்மோனியா விட்டால், பற்றிக்கொண்டிருந்தவை கையை விட்டுச் சொட்டாக இறங்கிவிடும். வெள்ளைப் பெயின்டுக்கு எப்படித் தெரிகிறது என்று நான் பலமுறை வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். அதன் வேதியியல் எனக்குத் தெரியும், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

என் ஆய்வகம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியின் பின்பக்கத்தில் இருந்த ஒற்றை அறை. கருவி சென்னையில், ஒரு ஆராய்ச்சி நிலையத்தில். எனக்கு உதவிக்கு ஜெயப்ரியா இருந்தாள். முசரவாக்கத்தில் விவசாயக் குடும்பம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்தவள். காலையில் மாட்டைக் கறந்துவிட்டு, குளித்துவிட்டு, எட்டரைப் பேருந்தைப் பிடித்து வந்துவிடுவாள். நான் கத்தினால் பதிலுக்குக் கத்தாமல், "டீ குடிக்கிறியாக்கா?" என்று கேட்பாள். அதில் எனக்கு இன்னும் கோபம் வரும்.

முதலில் பாலை வைத்துப் பார்த்தோம். பாலில் இருக்கும் புரதத்தில் பாஸ்பேட் முத்திரைகள் உண்டு என்பது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. புது வழி நம் கைக்குப் படிகிறதா என்று பார்க்க எல்லாரும் பாலில்தான் தொடங்குவார்கள். ஜெயப்ரியா வீட்டு மாட்டுப் பால். நான் என் கையால் செய்தேன். சென்னையில் கருவியைப் பார்த்துக்கொள்ளும் முரளீதரன் அதன் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். வெறும் தரைபோல் ஓடிய கோட்டில், இருக்க வேண்டிய இடத்தில் சிகரங்கள் செங்குத்தாக எழுந்து நின்றன.

"இது எங்க மாடாக்கா?" என்றாள் ஜெயப்ரியா.

"உங்க மாடேதான்."

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். கன்றுக்கு எலும்பு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அவ்வளவு சுண்ணாம்பு சாதாரணத் தண்ணீரில் கரையாது, அடியில் படிந்துவிடும். பாலில் அதைப் படியவிடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த முத்திரைகள்தான். அவள் வெகுநேரம் நான் அச்சடித்து வந்திருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெனம் கையில கறந்துக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாம உள்ள இவ்ளோ வேல நடக்குது பாரு" என்றாள்.

அடுத்து, தின்னும் புழுக்களின் சுரப்பி. அந்தக் கலவையில் துளியூண்டு பால் துண்டுகளையும் சேர்த்தேன், ஒரு சாட்சிக்கு. முடிவில் பாலின் சிகரம் தெரிந்தால் நம் கை சரியாக வேலை செய்திருக்கிறது என்று பொருள். படம் வந்தது. பால் தெரிந்தது. புழுவின் புரதத்தில் முத்திரை இல்லை. நான் நினைத்தபடியேதான்.

மிச்சம் இருந்தது தலை தூக்கிய புழு. அங்கேதான் விதி விளையாடியது. அந்த வருடச் சித்திரை வெயிலில் புழுக்களுக்கு நோய் விழுந்து தட்டுத் தட்டாகச் செத்தன. தப்பிப் பிழைத்துத் தலையைத் தூக்கியவை ஒரு கைப்பிடிதான். அவற்றின் சுரப்பியை எடுத்துப் பதப்படுத்தினால் ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும். டாக்டர் பட்டத்துக்கு நான் செய்த பதிவின் காலம் வைகாசியோடு முடிகிறது. சென்னைக் கருவியையும் பழுதுபார்க்க நிறுத்தப் போகிறார்கள், மறுபடி எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஒரு சொட்டில் முத்திரை தெரிந்தால் ஆறு வருடத்துக்கு அர்த்தம் உண்டு. தெரியாவிட்டால் அந்த முன்வரிசைப் பெரியவர் சொன்னதுதான் சரி.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் அம்மா ஜெயலக்ஷ்மிக்கு நான் புழுவை அறுப்பது ஆகவே ஆகாது.

"அந்த ஜீவன் உனக்கு என்னடி பண்ணித்து?" என்பாள்.

ஒரு நாள் பொறுக்காமல், "நீ கட்டிண்டிருக்கியே மடிசார், அது என்ன வாழை நாரா? அதுக்கு எத்தனை புழு போச்சு தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா சாதத்தைப் பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காபியைக் கையில் கொடுத்தபோது சொன்னாள்: "கட்டிக்கறேன், வாஸ்தவம். ஆனா நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு. அது எதுக்குத் தலையத் தூக்கறதுன்னு கண்டுபிடிச்சியானா வந்து சொல்லு. அதுவரைக்கும் இந்தப் புழுக் கதை ஆத்துக்குள்ள வேண்டாம்."

கடைசிச் சொட்டை எடுக்கும் நாள் வந்தது. குழாய் முனையில் மணிகளை நான்தான் அடைத்தேன். சாட்சிக்குத் துளி பால் துண்டுகளும் சேர்த்த கலவையை விட்டேன். அமிலத்தில் கழுவினேன். அம்மோனியா விட வேண்டிய நேரத்தில் என் கை நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. ஆறு வருடமும் அந்தக் குழாய்க்குள் உட்கார்ந்திருந்தது. பின்னாலிருந்து சிரிஞ்சால் காற்றை அழுத்தி, மெதுவாக, ஒரே சீராகச் சொட்டவிட வேண்டும். கொஞ்சம் வேகமாகப் போனாலும் மணிகள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

"குடுக்கா. பால் கறக்குற கை இது" என்றாள் ஜெயப்ரியா.

கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருகிறவளைப்போல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை.

"ஆச்சா?"

"ஆச்சுக்கா. ஒரு குறையும் இல்ல."

அவளே சொட்டை உலர வைத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, சென்னைக்குப் பேருந்தில் கொண்டுபோய் முரளீதரனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

முடிவு வந்தது கருட சேவைக்கு முந்தின நாள். காந்தி ரோட்டில் வசந்த் என்ற பையன் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சலைத் திறந்தேன். படம் விரிந்தது. ஒரு கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. 'ஒன்றும் இல்லை மேடம். மன்னிக்கவும்' என்று கீழே முரளீதரன் எழுதியிருந்தார்.

நான் அழவில்லை. அந்தத் தாளை அச்சடித்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஐந்து ரூபாய் அதிகம் கேட்ட ஆட்டோக்காரரிடம் நடுரோட்டில் நின்று சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்ததும், "ஒண்ணும் இல்லம்மா. நான் நெனச்சது தப்பு. அத்தனை புழுவும் வீணாப் போச்சு" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பில் பாலை வைத்தாள். நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வந்தது. அம்மா அடுப்பைத் தணித்தாள்.

பால்.

தாளை மறுபடி கண்ணுக்கு அருகே கொண்டுபோனேன். சாட்சிக்குச் சேர்த்திருந்தேனே, அந்தப் பாலின் சிகரம் எங்கே? அது இருந்தே ஆக வேண்டும். புழுவில் முத்திரை இல்லாமல் போகலாம், பாலில் இல்லாமல் போக முடியாது. பாலும் இல்லையென்றால் இந்தச் சொட்டில் எதுவுமே இறங்கவில்லை என்று பொருள். என் ஊகம் தப்பு என்று இந்தக் கோடு சொல்லவில்லை. அது எதையுமே சொல்லவில்லை. குழாயில் பிடித்து வைத்திருந்தது எல்லாம் வேறு எங்கேயோ போயிருக்கிறது.

"காபி" என்றாள் அம்மா. நான் அதற்குள் ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டேன்.

முசரவாக்கத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. ஜெயப்ரியா கொட்டகையில் மாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவள் அம்மா பூவம்மாள் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதி வழியிலேயே கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன், வாயைத் திறந்தேன், அப்படியே நின்றுவிட்டேன்.

ஜெயப்ரியா காம்பைக் கழுவினாள். பாத்திரத்தை முழங்காலுக்கு நடுவே இடுக்கினாள். ஆனால் முதல் பீச்சைப் பாத்திரத்தில் விடவில்லை. பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. ஒவ்வொரு காம்பிலும் முதலில் வருவதை அதில் பீச்சினாள். பிறகுதான் பாத்திரத்தில் நுரை கட்டிப் பால் விழ ஆரம்பித்தது. சாம்பல் நிறப் பூனை ஒன்று நிதானமாக நடந்து வந்து கொட்டாங்கச்சியில் வாயை வைத்தது.

"அது என்ன?" என்றேன்.

"பூனைக்குக்கா. மொதப் பீச்சுல காம்பு நுனி அழுக்கு இருக்கும், அத பாத்திரத்துல வுட மாட்டோம். தரையிலயும் வுட மாட்டோம், பால மெதிக்கக் கூடாதில்ல? அதான் பூனைக்கு."

"ஜெயா, அன்னிக்கு அம்மோனியா விட்டியே. மொத சொட்டை என்ன பண்ணினே?"

கறந்துகொண்டிருந்த கை நின்றது. "கழுவுன ஆசிட் மிச்சம் மொதல்ல வரும்னு நெனச்சேன்க்கா. நல்லதோட அது சேர வேணாமேன்னு..."

"என்னடி பண்ணினே?"

"தனியா எடுத்தேன். கீழ வுட மனசு வரல. சின்ன டியூப்ல புடிச்சி, காய வெச்சி, அதே பெட்டியிலதான் வெச்சேன். மூடியில பூனை படம்கூட போட்டேனே."

எங்கள் வீட்டில் காபி வடிகட்டியில் முதலில் இறங்கும் டிகாக்‌ஷனைக் கள்ளிச்சொட்டு என்று சொல்லித் தனியாக எடுத்து வைப்போம். பிறகு இறங்குவதெல்லாம் வெறும் சாயத் தண்ணீர். இவ்வளவு சின்னக் குழாயிலும் அதே கதைதான். பற்றியிருந்தது எல்லாம் முதல் சொட்டிலேயே இறங்கிவிடும். எனக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. "கள்ளிச்சொட்டுடி அது! ஆறு வருஷத்தையும் பூனைக்கு வெச்சுட்டு, எனக்குத் தண்ணியக் கொண்டுபோய்க் குடுத்திருக்கே!" என்று மாடு மிரளக் கத்தினேன். அடுத்த நிமிடமே அவளைக் கட்டிக்கொண்டேன். என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் வேண்டாததைத் தொட்டியில் கொட்டி, கையையும் அலம்பிக்கொண்டு வந்திருப்பாள்.

"கன்னுக்குட்டிய அவுத்து வுட்டுட்டேன், பேசி முடிச்சிட்டு கறங்க" என்றாள் பூவம்மாள்.

ஊரில் ஒரே ஒரு எஸ்.டி.டி. பூத். நல்லவேளையாக முரளீதரன் எடுத்தார்.

"ஆமா மேடம், இன்னொரு டியூப் இருந்தது. மூடில ஏதோ எலி படம்."

"பூனை" என்று பக்கத்திலிருந்து ஜெயப்ரியா திருத்தினாள்.

"பேர் எழுதாத டியூபை நாங்க வெச்சுக்கறது இல்ல மேடம். குப்பைல போட்டேனா, ஃப்ரீசர்ல தள்ளினேனான்னு ஞாபகமில்ல. நாளன்னைக்கு மெஷினைப் பிரிக்கறாங்க. இன்னிக்குத் தேடிப் பாக்கறேன். கெடைச்சா ஓட்டி, காலைல மெயில் அனுப்பிடறேன். மெயில் வரலேன்னா, கெடைக்கலன்னு வெச்சுக்குங்க."

மறுநாள் விடியற்காலையில், எல்லா வருடமும்போல, அம்மாவோடு கோயில் வாசலில் நின்றேன். ஊரும் சுற்றுப்புறக் கிராமங்களும் அங்கேதான் இருந்தன. பெருமாள் கருடன்மேல் ஏறி, கோபுர வாசலைத் தாண்டி வந்தார். தீவட்டி வெளிச்சத்தில் ஒரு நொடி முகம் தெரிந்தது. உடனே இரண்டு குடைகளையும் தாழ்த்தி முன்னால் பிடித்து அவரை மறைத்துவிட்டார்கள். வருடா வருடம் அந்த இடத்தில் இப்படித்தான். சோளிங்கபுரத்தில் தொட்டாச்சாரியார் என்று ஒரு பக்தர், கருட சேவைக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தவர், ஒரு வருடம் உடம்பு முடியாமல் வர இயலவில்லையாம். இருந்த இடத்திலேயே உருகி நின்றவருக்கு, இங்கே குடை மறைத்த அந்த நேரத்தில் பெருமாள் அங்கே போய்க் காட்சி கொடுத்தாராம். அதனால் இன்றும் குடை மறைக்கிற அந்தக் கணத்தில் அவர் இங்கே இல்லை, அங்கே இருக்கிறார் என்று சொல்வார்கள்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தக் குடையின்மேல் கோபம். இவ்வளவு பேர் ராத்திரியெல்லாம் காத்து நிற்கும்போது எங்கோ இருக்கிற ஒருவருக்காக எங்களிடமிருந்து மறைப்பார்களா என்று அம்மாவைப் பிடுங்கி எடுப்பேன். அன்று கோபம் வரவில்லை. எங்கேயாவது இருந்தால் போதும் என்று கையைக் குவித்தேன். பெருமாளைக் கேட்டேனா, முரளீதரனின் குப்பைத்தொட்டியைக் கேட்டேனா, எனக்கே தெரியவில்லை. குடை விலகியது. "வரதா!" என்று கூட்டம் முழங்கியது.

அம்மா தெருப் பெண்களோடு பெருமாளின் பின்னால் நடந்தாள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு காந்தி ரோட்டுக்கு ஓடினேன். ஜெயப்ரியா எனக்கு முன்னாலேயே வந்து பிரவுசிங் சென்டரின் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கருட சேவையன்னிக்கு எவனாவது மெயில் பாப்பானாக்கா?" என்று அலுத்துக்கொண்டே வசந்த் திறந்துவிட்டான்.

கணினி தூங்கி எழுந்தது. இணைப்பு கீச்சிட்டு, கனைத்து, ஒரு வழியாகக் கிடைத்தது. மின்னஞ்சல் பக்கம் திறந்தது. மேலே ஒரு புது வரி. முரளீதரன்.

'பூனை கிடைத்தது' என்று மட்டும் எழுதியிருந்தார். கீழே படம்.

அந்தக் கால இணைப்பில் படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து கீழே, பட்டை பட்டையாக இறங்கும். முதலில் வெறும் வெள்ளை. இன்னும் கொஞ்சம் வெள்ளை. ஜெயப்ரியா என் முழங்கையைப் பிடித்தாள். வெள்ளையின் நடுவே ஊசி முனைபோல ஒரு கறுப்புப் புள்ளி முளைத்தது. அடுத்த பட்டையில் அது கோடாக நீண்டது.

"எங்க மாடுக்கா" என்று கிசுகிசுத்தாள்.

அவள் சொன்னது சரிதான். பாலின் சிகரம், அதன் இடத்தில். சொட்டு உயிரோடு இருந்திருக்கிறது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பால் என் கேள்வி இல்லை. புழுவின் துண்டு மொட்டையாக இருந்தால் எவ்வளவு எடை என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அதோடு எண்பதைக் கூட்டி, திரையில் அது வர வேண்டிய இடத்தில் விரலை வைத்தேன். விரலுக்குக் கீழே வெள்ளை. அடுத்த பட்டை இறங்கியது. வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. பாதிப் படம் வந்துவிட்டது. விரலை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அடுத்த பட்டையில், என் நகத்துக்கு நேர் கீழே, ஒரு முனை.

அது இறங்கிக்கொண்டே இருந்தது, மெல்லிசாக, நேராக. எண்பது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அதற்குப் பக்கத்தில் இன்னும் எண்பது தள்ளி, நான் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காத இடத்தில், குட்டையாக இன்னொரு முனை எழுந்தது. ஒரு முத்திரை விழும் என்று நினைத்தேன். சில துண்டுகளில் இரண்டு விழுந்திருந்தது. ஆறு வருடம் யோசித்த என்னைவிடப் புழுவுக்கு விஷயம் கூடத் தெரிந்திருந்தது.

ஒரு கைப்பிடிப் புழு. ஒவ்வொன்றின் உள்ளேயும் சுருண்டு மடிந்த ஒரு சுரப்பி. அதற்குள் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எட்டாத ஒரு சங்கிலி. அதில் ஒன்றோ இரண்டோ கண்ணியில் ஒரு பொடிசு வந்து உட்காருகிறது. தின்றது போதும் என்று புழு தலையைத் தூக்குகிறது. இதை யாரும் பார்க்காமலே கோடிக் கோடிப் புழுக்களுக்குள் எத்தனையோ ஆயிரம் வருடமாக நடந்திருக்கிறது. இன்று காஞ்சிபுரத்தில், ஒரு மேஜையில், என் விரல் நகத்துக்குக் கீழே தெரிகிறது. நான் ஒரு துரும்பு என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அத்தனை சந்தோஷமாகவும் இருந்தது. ஜெயப்ரியா அழுதுகொண்டிருந்தாள். வசந்த் எட்டிப் பார்த்துவிட்டு, "ஈ.சி.ஜி.யாக்கா? யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றான்.

அச்சடித்த தாளோடு வெளியே வந்தபோது பெருமாள் காந்தி ரோட்டுக்கே வந்துவிட்டிருந்தார். இருபக்கக் கடைவாசல்களிலும் மாடிகளிலும் ஜனம். கைகளெல்லாம் தலைக்குமேல். அம்மாவைத் தேடிப் பிடித்தேன். அரக்கு மடிசார், வியர்த்த முகம், வெகுதூரம் நடந்த களைப்பு.

"அம்மா, கேட்டியே. எதுக்குத் தலையத் தூக்கறதுன்னு. தெரிஞ்சுடுத்து."

அந்தக் கூச்சலில் அவள் காதருகே குனிந்து சொன்னேன். சங்கிலியைச் சொன்னேன், அதில் வந்து உட்காருகிற பொடிசைச் சொன்னேன், தாளில் இரண்டு முனைகளையும் விரல் வைத்துக் காட்டினேன். அம்மா தாளைக் கையில் வாங்கி வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனூண்டா?" என்றாள்.

"இத்தனூண்டுதான்."

"இது வந்து உக்காந்தப்புறம்தான் அது இழைய விடறதா?"

"ஆமாம்மா. அப்படித்தான் தெரியறது."

"எல்லாப் புழுவுக்குமா?"

"எல்லாத்துக்கும்."

கருடன் எங்களுக்கு நேரே வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா குனிந்து தன் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல. இழை இழையாக விரலால் தடவினாள். அவள் கல்யாணத்துக்கு எடுத்த புடவை அது.

"இதுல எத்தனை தலை தூக்கியிருக்கும்" என்றாள். என்னைக் கேட்கவில்லை.

பிறகு தலைப்பை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.